நூற்றுப் பதினாலாம் எண் கோட்டு

அக்டோபர் கடைசி வாரம்
கத்தானியாவில் என் சலவைக் கடைக்கு
மூச்சு முட்டும்.
மே மாதத்திலிருந்து மாடிக் கம்பியில் தொங்கிய கம்பளிகள்
சீட்டு எண் சொல்லி
வீடு திரும்பும் வாரம்.
வெளியே இருபத்தொன்பது டிகிரி.
கடல் தாண்டி வருகிற பாலைவனக் காற்று
கார்களின் முதுகில் செம்புழுதி பூசிப் போகிறது.
எரிமலை உச்சியில்
பேருக்குக்கூடப் பனி இல்லை.

"சாயங்காலம் குளிரும்" என்கிறார் நோட்டரி லிகோட்ரா.
போன வருஷமும் அதையேதான் சொன்னார்.
"குளிராமல் போகுமா" என்று
ரசீதைக் கிழித்துக் கொடுக்கிறேன்.
எனக்கும் வயிறு இருக்கிறது.

நவம்பர் இரண்டு, இறந்தவர்களின் நாள்.
அன்று எங்கள் ஊரார்
கல்லறைத் தோட்டத்துக்குத் தேதியை உடுத்திப் போவார்கள்.
வெயில் அடித்தால்
அது வெயிலின் தப்பு.
செத்தவர்கள் பார்ப்பார்கள் என்பது இருக்கட்டும்,
நாலு பேர் பார்ப்பார்கள்.

எல்லோருடைய கோட்டும் ஏப்ரலில்தான் என்னிடம் திரும்பும்,
வெனெரா பாப்பலார்தோவுடையது தவிர.
எண் 114. ஒட்டக நிறம், கழுத்தில் நரி ரோமம்.
ஒன்றாம் தேதி எடுத்துப் போவாள்,
நாலாம் தேதி மேசைமேல் போடுவாள்.
துணி படிக்கத் தெரிந்தவன் நான்.
அக்குளில் உப்புக் கோடு,
முழங்கையில் மெழுகு,
இடது பையில் எப்போதும்
மடக்கிய ஒரு காகித விசிறி.
புழுங்கியிருக்கும், பாவம், என்று
விசிறியை உறையிலிட்டு
கோட்டோடு ஊசியில் குத்தி வைப்பேன்.
ஏழு வருஷமாக.

இந்த வருஷம் என் தம்பியும் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டதால்
நானும் போனேன்,
கம்பளி வெயிஸ்ட்கோட்டின்
நாலு பொத்தானும் போட்டு.
பேருந்தில் சாமந்திப் பூக்கள் எங்களுக்கு முன்பே வதங்கின.
தம்பிக்கு இரண்டு வரிசை தள்ளி
அவள் நின்றிருந்தாள்.
தொண்டைவரை பொத்தான்,
நெற்றியிலிருந்து மோவாய்க்கு நீர்.
கையில் அந்த விசிறி.

பீங்கானில் பதித்த படத்தில்
அவள் புருஷன் ஒராசியோ.
எந்த ஜனவரியில் எடுத்ததோ!
கனத்த ஓவர்கோட்டு, இரண்டு சுற்றுச் சுற்றிய மஃப்ளர்,
காதை மூடிய தொப்பி.
விசிறி அவனுக்கு வீசிக்கொண்டிருந்தது.

என்ன சொல்வது என்று தெரியாமல்
பக்கத்தில் போய் நின்றேன்.
திரும்பாமலே சொன்னாள்:
"கொஞ்சம் தள்ளி நில்லுங்கள்,
காற்றை மறைக்கிறீர்கள்."

தள்ளி நின்றேன்.

வரும் வழியில்
கரும்பாறைகளிலிருந்து பையன்கள்
வெற்றுடம்போடு கடலில் குதித்துக்கொண்டிருந்தார்கள்.
பிஸ்தா ஐஸ்கிரீம் வாங்கினேன்.
பாதி வாய்க்கு, பாதி வெயிஸ்ட்கோட்டுக்கு.
கழற்றலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன்.
எதிரே நோட்டரி வந்தார்,
தலை முதல் கால் வரை ட்வீட்,
தக்காளி போலச் சிவந்து.
"குளிர்கிறது, இல்லையா" என்றார்.
"லேசாக" என்றேன்.

நாலாம் தேதி
மேசைமேல் கோட்டு வந்து விழுந்தது.
விசிறியை வெளியே எடுத்தவன்
உறையைத் தேடவில்லை.
இரண்டு மடிப்பு கிழிந்திருந்தது.
பசை தடவி ஒட்டி, காய்ந்ததும்
அதே பையில் போட்டுவிடலாம்.

"எப்போது வேண்டும்?"
வழக்கமாகக் கேட்பதுதான்.

"அவசரமில்லை" என்றாள்
சட்டைக் கையை மடித்து விட்டுக்கொண்டே,
"குளிர்காலம்தான் முடிந்துவிட்டதே."