எத்தனை படி

போன கிழமையே தொலைபேசியில் கேட்டேன்
அங்கே எத்தனை படி என்று.
"படியே இல்லை நோனா."
படி ஏறுகிறவர் கண்ணுக்குப்
படி தெரியாது, எனக்குத் தெரியும்.
அதனால்தான் பிலோமினா
பழைய அலுமாரிக் கதவொன்றைக் கழற்றி
வானின் பின்னால் போட்டுக்கொண்டு வந்தாள்.
கண்ணாடி இருந்த இடத்தில்
ஒரு நீள்சதுர வெளிறல்.

போயா நாள்.
வருடத்தில் சில காலைகளில் மட்டும்
காலி வீதி தன் பெயருக்கு உண்மையாய் இருக்கும்.
பந்துல ஒரு கையால் ஓட்டினான்,
மறு கையில் மாலு பணிஸ்.
கடுவலை தாண்டியதும்
இடப்பக்கம் களனி கங்கை
வீடுகளின் முதுகுக்குப் பின்னால்
கொடியில் காயும் சீலைகளுக்கு நடுவே
விட்டு விட்டுத் தெரிந்தது.
எங்களை முந்த அதற்கு அவசரமில்லை.
அது எதிர்ப்பக்கம் போய்க்கொண்டிருந்தது,
நாங்கள் விட்டுவந்த ஊருக்கு.

ஹங்வெல்ல.
வாசலில் மூன்று படி.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
கதவைச் சாய்த்தோம்.
யாரோ தலைவாரிய வெளிறலின் மேல்
என் சக்கரம் ஏறிப்போனது.

பரிசாரகன் பிலோமினாவிடம் கேட்டான்,
"இந்த நோனா என்ன சாப்பிடுவார்?"
"அவவுக்கு வாய் இருக்கு" என்றாள்.
எனக்கு இருந்தது. பசியும்.
சோறு, பருப்பு, ஆற்றுமீன்,
இரண்டு தரம் பொல்சம்பல்.

கோட்டை இருந்த இடமாம் இது.
இப்போது புல், ஒரு பள்ளம்,
பள்ளத்தில் மேய்கிற மாடு.
முன்னால் ஆறு; ஆற்றுக்கு இறங்கக் கற்படிகள்.
இருபத்தேழு வரை எண்ணினேன்,
மிச்சம் வளைவில் மறைந்தது.
"தூக்கட்டா?" என்றான் பந்துல, நல்ல மனதோடு.
வேண்டாம்.
தூக்கினால் ஆறு தெரியாது,
ஆகாயமும் உன் தாடையும்தான் தெரியும்.

இலை கூட்டிக்கொண்டிருந்த காவல்காரர்
விளக்குமாற்றை நிறுத்தாமலே
தாடையால் பின்பக்கம் காட்டினார்.
அங்கே ஒரு சரிவு,
புல் மூடி, ஆறுவரைக்கும், சாதுவாக.
பீரங்கி உருட்டின பாதையாம்.
பறங்கியா, ஒல்லாந்தரா?
"யாராயிருந்தால் என்ன,
பீரங்கிக்கும் கால் இல்லையே நோனா."
யார் சொன்ன கதை இது?
"நானே சொல்கிறேன்."

அப்படியாக,
எவனையோ சுட வந்த இரும்பின் வழியில்
ஒரு கையில் பிரேக், ஒரு கையில் பிலோமினா,
நான் இறங்கினேன்.
முன்சக்கரம் இரண்டும் தண்ணீருக்குள்.
கால் உணராத குளிரை
கம்பி வழியாக உள்ளங்கை உணர்ந்தது,
அல்லது உணர்ந்ததாக நினைத்தேன்.
பிலோமினா செருப்பைக் கழற்றிவிட்டு
கணவன் இறந்ததன் பிறகு முதல் தடவையாக
ஏதோ பாட்டு முணுமுணுத்தாள், மிக மோசமாக.
மாடு நிமிர்ந்து பார்த்தது.

இரவு வெள்ளவத்தையில்
டயரில் ஒட்டிய சேறு
கூடத்துச் சீமெந்தில் இரு கோடு கீறியிருந்தது.
துடைக்கவில்லை.
தொலைபேசியை எடுத்து அவர்களுக்குச் சொன்னேன்:
மூன்று.
இனிக் கேட்பவர்களுக்கு மூன்று என்று சொல்லுங்கள்.
பின்பக்கம் ஒரு சரிவு இருக்கிறது,
அதையும் எழுதி வையுங்கள்.