சேதாரம்

செவ்வாய்ப்பேட்டைப் பட்டறைக்கு ஞாயிறு லீவு.
ஆறு நாள் கொலுசுக்குக் கொக்கி வளைத்த கொறடு
ஏழாம் நாள் என்னோடு மூக்கனேரிக்கு வரும்.
கன்னங்குறிச்சிக் கரையில் உட்கார்ந்து
தூண்டில் முள்ளின் உள்நாக்கை அதால் நசுக்குவேன்.
உள்நாக்கு இல்லாத முள் வலிக்காமல் கழலும்,
வலிக்காமல் என்பது நான் சொல்வது.
சில நேரம் மீனே கழன்று போகும்.
சிராஜுதீனுக்கு அதில் கோபம்.

எங்களுக்குச் சட்டம் உண்டு, நாங்களே போட்டது.
கையை நனைத்துத்தான் தொடணும்.
செவுளில் விரல் கூடாது.
ஒரே ஒரு படம்.
நாற்பது எண்ணுவதற்குள்
தண்ணீரில் திருப்பி விட்டுவிடணும்.
வெள்ளியைப் புள்ளி பார்த்து நிறுக்கிறவனுக்கு
இந்தக் கணக்கு பிடித்திருந்தது.

ஐப்பசியில் ஒரு ஞாயிறு.
சேர்வராயன் மலையில் பாதியை மேகம் வாங்கிக்கொண்டிருந்தது.
ஆகாயத்தாமரை ஓரமாய்
ஓரிடத்தில் மட்டும் தண்ணீர் கொதித்தது.
குங்குமச் சிமிழ் தவறி விழுந்ததுபோல் ஒரு சிவப்பு,
மேலே வந்து மூச்சு வாங்கி
அமிழ்ந்து
கைப்பிடி தூரம் தள்ளி மறுபடி சிவந்தது.

விரால் குஞ்சு. தெரியும்.
அடியில் தாயோ தகப்பனோ காவல் நிற்கும், தெரியும்.
காவல் நிற்கிற விரால் பசிக்காகக் கடிப்பதில்லை,
கிட்டே வருகிற எதையும் அடிக்கும்.
அதுவும் தெரிந்துதான்
ரப்பர் தவளையைச் சிவப்பின் மேல் வீசினேன்.

இரண்டு இழுப்பு.
மூன்றாவதில் ஏரி வெடித்தது.
தின்ன வந்த வாயல்ல,
விரட்ட வந்த வாய்.

மூன்று கிலோ நூற்றெண்பது.
சிராஜ் போனை எடுத்துக்கொண்டே எண்ண ஆரம்பித்தான்.
பக்கத்தில் மூங்கில் குச்சியும் மண்புழுவுமாய்
கோமளா என்றொரு பெண்,
பெயிண்ட் வாளியில் மூணு ஜிலேபி.
“கொழம்புக்கில்லைன்னா எதுக்குங்க புடிக்கறீங்க?”
குத்திக் கேட்கவில்லை.
டவுன் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்கிற குரல்.
“விட்டுருவோங்க, பொழச்சுக்கும்” என்றான் சிராஜ்,
பன்னிரண்டுக்கும் பதிமூன்றுக்கும் நடுவில்.
“அது சரி. அதுங்க?”
குச்சியால் தண்ணீரைக் காட்டினாள்.

பதினாறில் ஒரு ஜிலேபி சிவப்புக்குள் நுழைந்தது.
பத்தொன்பதில் நாலைந்து.
எண்ணிக்கொண்டே இருந்தான் அவன்,
நான் சிரித்துக்கொண்டே இருந்தேன், படத்துக்காக.
இருபத்தாறில் சிவப்பு இரண்டாய்க் கிழிந்தது.
ஒரு துண்டு கரையை நோக்கி வந்தது,
கரையில் கொக்கு.

முப்பத்தொன்றில் விட்டேன்.
சட்டப்படி இன்னும் ஒன்பது பாக்கி.
உள்ளங்கை மேல் கொஞ்ச நேரம் நின்றது,
வழி மறந்த மாதிரி.
பிறகு இல்லை.
திரும்பிப் போய்ச் சேர்ந்ததா, எத்தனை மிச்சம்,
கலங்கல் தண்ணீர் எதுவும் சொல்லவில்லை.

எங்கள் தொழிலில் சேதாரம் என்று ஒன்று எழுதுவோம்.
உருக்கும்போது கொஞ்சம் வெள்ளி போகும்.
யாரும் எடுக்கவில்லை,
ஆனால் போயிருக்கும்.
அதை வாங்குகிறவர் தலையில் கட்டிவிடுவோம்.
இதை யார் தலையில்?

‘சிவப்பு தெரிந்தால் வீசக் கூடாது.’
சட்டத்தில் சேர்க்கலாம் என்றேன் வண்டியில்.
“அப்ப மழைக்காலத்துல என்னத்த புடிக்கிறது?”
அஸ்தம்பட்டி சிக்னல் வரை
நானும் அதையேதான் யோசித்தேன்.

படத்துக்குப் பட்டறையில் நல்ல பேர்.
திங்கட்கிழமை கொறட்டின் பல்லிடுக்கில்
ஏதோ மினுங்கியது.
வெள்ளித் தூளென்று தராசுத் தட்டில் தட்டினேன்.
செதில்.
பூஜ்யம் பூஜ்யமாகவே நின்றது.
துடைத்துவிட்டு
அடுத்த கொக்கியை வளைத்தேன்.