மூணு புள்ளி எட்டு

அட்டைப்பெட்டியின் நெற்றியில்
ஆறு ஆம்பியர் என்று மஞ்சளில் கொட்டை எழுத்து.
ஈரோட்டுக் கடையில் நான் அதைக் கவிழ்த்து
அடியில் எறும்பு எழுத்தைத் தேடினேன்.
ஐம்பது வாட்.

"அக்கா, எல்லாரும் இதுதானுங்க வாங்கறாங்க"
என்றார் கடைக்கார ஜெகதீசன்.
ஐம்பதைப் பன்னிரண்டரைச் சொச்சத்தால் வகுத்தால்
நாலுகூட முழுசாய் வராது.
மிச்ச ரெண்டு ஆம்பியரும்
அட்டையில் அடித்த மைக்குத்தான்.

தறிப்பட்டறைக்காரி நான்.
மோட்டார்த் தகட்டின் குதிரைச்சக்தியை
நம்பிப் பாவு ஏற்றியதில்லை ஒருநாளும்.
என்றாலும் வாங்கினேன்.
ரெண்டாயிரத்து இருநூறு கொள்ளும் பேட்டரிக்கு
ரெண்டு புள்ளி ரெண்டு போதும்.
அவசரப்பட்டு அதைக் கூட்டிக் கூட்டி வைத்தால்
சினை வெள்ளாடாட்டம் வயிறு தள்ளும்,
குட்டி போடாது.

கேட்க வேண்டிய கேள்வி ஒன்றை மட்டும்
கேட்காமல் பஸ் ஏறிவிட்டேன்.

சனிக்கிழமை ராத்திரி, வெள்ளகோவில்.
பட்டறைக்குள் பஞ்சுத்தூசு பறக்கும்,
அங்கே வைக்கக்கூடாது.
துவைக்கிற கல்லின் மேல் பழைய ஓடு,
ஓட்டின் மேல் பேட்டரி,
வெள்ளை முனையில் நாலு மெல்லிய கம்பி.
பன்னிரண்டு தறியும் ஓடுகிற சத்தத்தில்
முடிந்தது என்று சார்ஜர் கூவினாலும் காதில் விழாது.
அதனால் முக்காலி போட்டு உட்கார்ந்து
எண்களைப் பார்க்கிறேன்.

"பாலக் காய வெச்சவளாட்ட உக்காந்திருக்கறயே"
இது மோகனசுந்தரம், வீட்டுக்காரர்.
"பால் பொங்குனா அடுப்புதானுங்க அணையும்."

முதல் செல் நாலு புள்ளி இருபது.
ரெண்டாவதும் அதே.
மூணாவது மட்டும் நாலு புள்ளி பதினேழில்
முக்கிக்கொண்டு நிற்கிறது.
முந்திய ரெண்டையும் நிறுத்திப் பிடித்து
பிந்தியதற்குக் கொஞ்சம் கொஞ்சமாய் ஊட்டுகிறது சார்ஜர்.
கூலி வாங்குகிற ஆளிடம்கூட
இந்தப் பொறுமையை நான் பார்த்ததில்லை.
என்னிடமும்தான்.
மூணு பேட்டரியும் நிறையும்போது மணி ஒண்ணு.

விடிந்தால் ஆடி.
கொரங்காட்டில் கிளுவை வேலி ஒரே பக்கமாய்ச் சாய்ந்து,
கொழுக்கட்டைப் புல் தரையோடு தரையாய்ப் படுத்து,
காங்கேயத்துப் பசு காற்றுக்குப் புட்டம் காட்டி நிற்கிறது.
ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் ஊர் இது.
தெர்மாகோல் விமானம்தான் பறக்க முடியவில்லை.
எடுத்து வீசியதும்
வெள்வேல மரத்தைப் பார்த்தே திரும்பியது.
புல்லில் இறக்கி, இறக்கையைக் கழற்றிக்
கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

"நெறைஞ்சே இருக்கட்டுமே,
அடுத்த ஞாயித்துக்கு ஆச்சு" என்றார்.
நிறைந்தபடி கிடந்தால் உள்ளுக்குள் நலியும் சாதி இது.
செல்லுக்கு மூணு புள்ளி எட்டில் வைத்தால்தான்
கெடாமல் தூங்கும்.

அப்போதுதான் கண்ணில் பட்டது
பெட்டி அடியில் இன்னும் ஒரு எறும்பு வரி.
இறக்க: ஐந்து வாட்.

ஐம்பதால் ஏற்றுகிறவன் ஐந்தால் இறக்குகிறான்.
ஒரு மணிநேரத்தில் ஊட்டியதில்
பாதியை வாங்கி வைக்க ரெண்டரை மணிநேரம்.
மூணுக்கும் ஏழரை.
அட சனியனே என்று
சத்தமாகவே சொன்னேன்.

கல், ஓடு, முக்காலி, மறுபடியும்.
சின்ன விசிறி சூடாய் ஊதிக்கொண்டிருக்க
எண் இறங்குவது கண்ணுக்குத் தெரியவில்லை.
வெங்காயம் உரித்தேன்.
பாவு நூல் கணக்கைப் பார்த்தேன், அதில்
நூற்று நாற்பது ரூபாய் இடித்தது.
மறுபடி கூட்டினேன், மறுபடியும் இடித்தது.

ஞாயிறு, தறிக்கு லீவு.
பதினொண்ணே முக்காலுக்கு
கீ, கீ, கீ என்று ஒரு அலறல்.
தூக்கிவாரிப் போட்டது.
வாங்கி ஆறு மாசம் ஆகிறது,
இதன் குரலை இன்றைக்குத்தான் கேட்கிறேன்.
கேட்கச் சகிக்கவில்லை.

"யாரு, ஐஸ் வண்டியா?" உள்ளேயிருந்து அவர்.
"மூணு புள்ளி எட்டுங்க" என்று சொல்லிவிட்டு
ரெண்டாவதைச் செருகினேன்.