ஏழாம் நம்பர்

கேத்தி பாலாடாவில் விடிகாலை மூன்று மணிக்கு
கேரட்டுக்குக் குளிராது.
மெஷின் உருளை சுற்றச் சுற்ற
சேறு கரைந்து நிறம் வெளிவரும்.
கீழே கணுக்கால் தண்ணீரில்
நாங்கள் ஒன்பது பேர், ஒன்பது ஜோடி கம்பூட்ஸ்,
எல்லாம் ஏழாம் நம்பர்.

என் கால் ஒன்பது.
பஸ்ஸில் கடைசி சீட்டில் முட்டியை மடக்குவதுபோல
விரல்களை மடக்கி உட்காரவைக்கப் பழகியிருந்தேன்.

மார்ச்சில் தொடங்கியது.
வலது பெருவிரல், உள்பக்க மூலை.
முதலில் சாக்ஸ் பட்டால் வலித்தது.
பிறகு போர்வை பட்டால்.
பிறகு, சொன்னால் சிரிப்பீர்கள்,
பூனை அந்தப் பக்கமாக நடந்தாலே.

நகம்தானே என்று
சவர பிளேடால் மூலையை வளைத்து வெட்டினேன்.
அழகாகத்தான் இருந்தது, பிறை மாதிரி.
பதினைந்து நாளில் அந்தப் பிறையின் முனை
சதைக்குள் வழி கேட்டுக்கொண்டு போனது.
ஊக்கு விட்டு நெம்பினேன்.
மஞ்சள் வைத்தேன்.
செல்வநாதன் மூக்குப்பொடி வைக்கச் சொன்னான்,
அதையும் வைத்தேன்.
விரல் தும்மவில்லை. வீங்கியது.

ஆரம்ப சுகாதார நிலையத்தில்
ஹில்டா சிஸ்டர் பூட்ஸை உருவியபோது
ஈர சாக்ஸிலிருந்து கேரட் வேர் ஒன்று விழுந்தது.
"உள்ளே நட்டும் வச்சிருக்கீங்களா?"
டாக்டர் நஸீமா சிரிக்கவில்லை.
விரலின் இரு பக்கமும் ஊசி.
அதுவரை பட்டதெல்லாம் ஒத்திகை.
பிறகு அந்த விரல் என்னுடையதல்ல.
யாரோ ஒருவரின் காலில்
காய்ந்த மூங்கில் பிளக்கிற சத்தம்,
மிகச் சின்னதாக.

காட்டச் சொன்னேன்.
பஞ்சின்மேல் கிடந்தது,
ஓர் அரிசி நீளம், ஓரத்தில் முள்.
இதற்காகவா மூன்று மாதம்
குதிகாலில் நடந்தேன்.

கட்டுப் போட்டுக்கொண்டே சிஸ்டர் பேசினார்:
நேரா வெட்டுங்க, மண்வெட்டி வாய் மாதிரி.
ஒட்ட வெட்டாதீங்க, மூலை வெளியே தெரியணும்.
குளிச்சு நகம் இளகினதும் வெட்டுங்க.
லேசா உறுத்தும்போதே
கை தாங்குகிற வெந்நீரில் உப்புப் போட்டு ஊறவைங்க,
மூலைக்கு அடியில் பஞ்சுத் திரி, தினம் மாத்தணும்.
சீழ் வச்சா, சிவப்பு மேலே ஏறினா
ஊக்கைத் தேடாதீங்க, பஸ்ஸைப் பிடிங்க.
கூட வேலை செய்யறவங்க யாருக்காவது சர்க்கரை இருந்தா
முதல் நாளே வரச் சொல்லுங்க.

கடைசியில் என் பூட்ஸைத் திருப்பி
அடியில் இருந்த எண்ணைப் பார்த்தார்.
என் காலைப் பார்த்தார்.
ஒன்றும் சொல்லவில்லை.
திரும்புகிற பஸ் முழுக்க அதுதான் குத்தியது.

கட்டு பிரிவதற்குள் ஒரு டீ நேரத்தில்
எல்லோரும் பூட்ஸைக் கழற்றினோம்.
மரியபுஷ்பத்தின் கால் ஐந்து.
ஏழுக்குள் வழுக்கி வழுக்கி
விரல் நுனி இடித்து நகம் கறுத்திருந்தது.
ஒன்பது பேரில் நான்கு விரல்
என் விரலின் சொந்தக்காரர்கள்.

பெள்ளி கவுடர் சொன்னார்:
"ஒரே சைஸா எடுத்தா ஜோடிக்கு நாப்பது ரூபா குறையுதுப்பா."
கெட்டவர் இல்லை. டெட்டால் வாங்கித் தந்தது அவர்தான்.
நான் மேட்டிலிருந்த குவியல்களைக் காட்டினேன்.
அது முதல் ரகம், அது இரண்டாம் ரகம்,
அது பொடி, வெடித்தது மாட்டுக்கு.
"கேரட்டுக்கே நாலு அளவு பார்க்கிறோமே, அண்ணா."

தலையைச் சொறிந்தார்.
டீயை முழுசாகக் குடித்து முடித்தார்.
பென்சில் இருக்கா என்றார்.

மறுநாள் மேட்டுப்பாளையம் லாரியில்
மூட்டைகளின் மேலே
ஓர் அட்டைப்பெட்டியைப் பிரித்து வரைந்த
ஒன்பது வலது கால்கள் இறங்கிப் போயின.
கட்டோடு வரைந்ததால்
என் பெருவிரல் மட்டும் கொஞ்சம் பெரிதாக விழுந்திருந்தது.
அழிக்கப் போனான் செல்வநாதன்.
இருக்கட்டும் என்றேன்.