ஆறு மில்லிமீட்டர்

விவாகரத்துப் பத்திரத்தில்
வீடு இல்வாவுக்கு, படகு எனக்கு,
அமேசான் மட்டும் ஆளுக்குப் பாதி.
காரைப் பாதியாக அறுக்க முடியாதென்று
வக்கீலுக்கு யாரும் சொல்லவில்லை போலும்.

அறுபத்தேழாம் வருட வோல்வோ.
ஸ்டியரிங் பெட்டிக்குள் பல் தேய்ந்து
இரண்டு விரற்கடை சும்மா சுற்றிய பிறகுதான்
சக்கரத்துக்குச் சேதி போகும்.
நின்ற இடத்தில் திருப்புவதென்றால்
ஆற்றுச் சேற்றில் புதைந்த மரத்தடியைப் புரட்டுவதுபோல.

டிசம்பரில் பனிக்கட்டியில் வழுக்கி
இல்வாவின் வலது தோள் மூட்டு நழுவியது.
"இனி என்னால் ஓட்ட முடியாது.
என் பாதியை விற்றுவிடுங்கள்" என்றாள்.
அந்த 'ங்கள்' மரியாதை இல்லை, பன்மை.
என்னையும் டோர்கெலையும் சேர்த்து.

டோர்கெல் அவளுடைய இப்போதைய ஆள்.
அவனிடம் வெல்டிங் மெஷின் உண்டு,
சூடேற்றிய கராஜ் உண்டு.
என்னிடம் அளவுகோல்கள்.
ஷெலெஃப்தியோவில் பிப்ரவரி இரவு,
மைனஸ் இருபத்தாறில்
ரோஷம் பார்க்க வழியில்லை.

விற்கவில்லை.
உடைசல் கிடங்கில் வேறொரு காரின் ராக் கிடைத்தது.
பழைய பெட்டி இருந்த இடத்தில்
குறுக்குச் சட்டத்தோடு இரண்டு தாங்கிகளைப் பற்றவைத்தான்.
தையல் போட்டதுபோல வெல்டிங். ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது.
குட்டை ஸ்பிரிங், புது ஷாக், புது புஷ்.
பேச்சென்றால்
"பதினேழாம் நம்பர்."
"பிடி."
"விடு."
காபி அவன் போட்டான், சர்க்கரை இல்லாமல்.
யார் சொன்னதென்று நான் கேட்கவில்லை.

மார்ச் கடைசியில் முதல் ஓட்டம்.
ஸ்டியரிங் வெண்ணெய்.
ஆனால் உறைபனி கீழிருந்து உப்பவைத்த சாலையில்
ஒவ்வொரு புடைப்பிலும்
கார் தன்பாட்டுக்கு ஓரமாய் எட்டிப் பார்த்தது,
யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல.

திரும்ப ஜாக்கில் ஏற்றினோம்.
ஸ்பிரிங்கை உருவிவிட்டு
சக்கரக் குடத்தில் ஒரு லேசர் விளக்கை ஒட்டினோம்.
பூனைக்கு விளையாட்டுக் காட்ட வாங்கியது அது.
பூனை முன்பு என்னுடையது.
அவன் சக்கரத்தைச் சென்டிமீட்டர் சென்டிமீட்டராக ஏற்ற,
எதிர்ச்சுவர் அட்டையில் சிவப்புப் புள்ளி ஏற,
பூனை தாவ,
அதன் காலிடுக்கில் நான் பென்சிலால் குறித்தேன்.

நேராக ஏற வேண்டிய புள்ளி
சாய்ந்துகொண்டே போனது.
"வளைந்தால் நீளம் தப்பு" என்றேன்.
"சாய்ந்தால் உயரம் தப்பு."
ராக் உட்கார்ந்திருந்தது
ஆறு மில்லிமீட்டர் கீழே.

தாங்கியின் உயரம் நான் அளந்து கொடுத்தது.
சட்டத்தின் விளிம்பிலிருந்து அளப்பதற்குப் பதில்
பெயின்ட் மடிப்பிலிருந்து அளந்திருக்கிறேன்.
என் கையெழுத்தில் அந்த எண்
இன்னும் சுவரில் இருந்தது.
டோர்கெல் அதைப் பார்த்தான். கிரைண்டரை எடுத்தான்.
"வெல்டிங் சூட்டில் இறங்கியிருக்கும்" என்றான்.

தீப்பொறி பறந்ததில்
பதில் சொல்லாமல் இருப்பது சுலபமாக இருந்தது.
அன்றைக்குச் சொல்லவில்லை.
மறுநாளும்.
மூன்றாம் நாள், போல்ட்டுக்கடியில் தகடு செருகும்போது,
"அது என் அளவு" என்றேன்.
"தெரியும். டார்ச்சைக் கொஞ்சம் இந்தப் பக்கம்."

ஏப்ரலில் இல்வா ஓட்டினாள்.
முன்னால் டோர்கெல், பின்னால் நான், மடியில் ஸ்பானர் பை.
பூலிடென் போகும் சாலையில், எழுபதில்,
ஆகப் பெரிய புடைப்பு வரும் இடத்தில்
இரண்டு கைகளையும் எடுத்துவிட்டாள்.

பக்கத்திலிருந்து ஒரு கை பாய்ந்தது.
பின்னாலிருந்து ஒரு கை பாய்ந்தது.
கார் ஏறி இறங்கி
நூல் பிடித்தாற்போல் போனது.
காற்றில் நின்ற இரண்டு கைகளையும்
இல்வா பார்த்தாள், ஒன்றையடுத்து ஒன்றாக.
சிரித்துத் தோள் வலித்து
"ஐயோ" என்றாள்.

வெகுதூரம் போன பிறகு டோர்கெல்,
"இடது டயர் லேசாக முனகுகிறது."
எனக்கும் கேட்டது.
"வியாழக்கிழமை பார்க்கலாம்" என்றேன்.