பதினான்காம் கேள்வி

கின்ஷாசாவின் கிழக்கே, கிம்பான்செக்கேயில்
மழை விட்ட செவ்வாய்க்கிழமை.
என் பட்டியலில் நூற்றுப் பன்னிரண்டாவது வீடு.
கதவில்லை, திரை.
தட்ட ஏதுமில்லாததால் இருமினேன்.

கூரை: தகரம் என்று குறித்தேன்.
தகரம் வீட்டுக்காரருடையது. அதற்குக் கட்டமில்லை.
ரேடியோ உண்டா? உண்டு.
பேட்டரி உண்டா என்று படிவம் கேட்கவில்லை,
நானும் கேட்கவில்லை.
ரேடியோவுக்கு இரண்டு புள்ளி.
கியேசே இரண்டு புள்ளி வசதிக்காரியானாள்.

பதினான்காம் கேள்வி:
நேற்று இந்த வீட்டில் எத்தனை வேளை சாப்பிட்டீர்கள்?

யார், என்றாள்.

எல்லாரும்.

எல்லாரும் என்று இங்கே ஒரு நாள் கிடையாதே.
சிறுசுகளுக்கு ஒரு நாள்,
பெரியவர்களுக்கு மறுநாள்.
கரண்ட்டைத் தெரு மாற்றித் தெரு நிறுத்துகிறார்களே,
அந்தப் பெயரையே இதற்கும் வைத்துவிட்டோம்,
மின்வெட்டு.
நேற்று இரட்டையருக்கு வெளிச்சம்,
என்சிம்பாவுக்கும் என்சூசிக்கும்,
கடைக்குட்டி லண்டுவுக்கும்.
இன்று எனக்கு, அவருக்கு, லுகேனிக்கு.

லுகேனிக்குப் பதினைந்து வயது.
போன மாதம்தான் இந்தப் பக்கம் மாற்றினேன், என்றாள்.
குரலில் சிறு பெருமை.
சிறுசுகளோடு திங்கள் சாப்பிட்டான்,
எங்களோடு செவ்வாய் சாப்பிட்டான்.
அடுத்தடுத்து இரண்டு நாள்!
அவன் பிறந்தநாளுக்கு வேறென்ன செய்ய?

ஆறு பேர், மூன்று சாப்பாடு.
அரை என்று அடித்தேன்.
கருவி சிவந்தது: முழு எண் இடவும்.

சந்தையில் மாவு விற்பவளின் கோப்பைக்கு
அடி உள்வாங்கியிருக்கும்.
எல்லாருக்கும் தெரியும்,
எல்லாரும் அதில்தான் வாங்குகிறோம்.

ஒன்று என்று இட்டேன்.
பச்சை.

அடுப்பில் மரவள்ளிக் களி இறுகத் தொடங்கியது.
வாசனை எழும்பும் முன்பே சிறுசுகள் மூன்றும்
சாக்கடை தாண்டிப் பந்து விளையாடப் போயிருந்தன.
யாரும் விரட்டவில்லை.
அவ்வளவு தூரத்திலிருந்தும்
லண்டு ஒருமுறை திரும்பிப் பார்த்தது.

கோட்டுக்கு மேலா கீழா என்று
அலுவலகம் மார்ச்சில் சொல்லும்.
பதினைந்தாம் கேள்வி, கழிப்பறை பற்றியது.
வாயெடுத்தேன்.

அவள் என் மீசையைப் பார்த்தாள்,
தட்டுகளை எண்ணினாள்,
இன்னொன்றைக் கழுவி வைத்தாள்.
நீயும் பெரியவன்தானே, என்றாள்.
உட்கார்.