ஐந்தாவது கேள்வி

முதல் நான்கும் சும்மா கேட்பவை.
வயது, படிப்பு, வீட்டில் எத்தனை பேர்,
போன தேர்தலில் வாக்களித்தீர்களா.
ஐந்தாவதில்தான் எதிர்முனையில்
யாரோ நாற்காலியை இழுத்துப்போட்டு
உட்காரும் சத்தம் கேட்கும்.

எல்லைக் கிராமங்களிலிருந்து அரசு பின்வாங்குவதை
முழுமையாக ஆதரிக்கிறீர்களா, ஓரளவு ஆதரிக்கிறீர்களா,
ஓரளவு எதிர்க்கிறீர்களா, முழுமையாக எதிர்க்கிறீர்களா?
குரல் ஏறக்கூடாது, இறங்கக்கூடாது
என்பான் ஸ்ம்பாத், எங்கள் மேற்பார்வையாளன்.
பஸ் நேரம் சொல்வதுபோல் சொல்.

யெரெவானில் மார்ச் மாதம்.
மூன்றாவது மாடியில் பன்னிரண்டு பேருக்கு ஒரு ஹீட்டர்.
முடித்த நேர்காணலுக்கு முந்நூறு திராம்;
பாதியில் வைத்துவிட்டால் ஒன்றுமில்லை.
அதனால் யார் திட்டினாலும் கேட்டுக்கொள்வேன்.

கும்ரியில் ஒரு டாக்சி ஓட்டுநர்:
"ஆதரிக்கிறேன். மகனுக்கு ஜூனில் பதினெட்டு."
அதற்குமேல் அவர் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.
வனாட்சோரில் ஒருத்தி
அமைச்சர்களின் தாய்மார்களிலிருந்து ஆரம்பித்தாள்.
முழுமையாக எதிர்ப்பதாகப் போட்டுக்கொள்ளட்டுமா?
"முழுமைக்கு மேலே கட்டம் இல்லையா?"
ஓய்வுபெற்ற இலக்கண வாத்தியார் ஒருவர்
கேள்வியையே திருத்தினார்:
பின்வாங்குவது முன்னேறியவன் செய்கிற காரியம்.
இது விட்டுக்கொடுப்பதா,
விட்டுவிட்டுக் கொடுப்பதா?
அரைமணி நேரம். கடைசியில்
"சொல்ல விருப்பமில்லை."

எனக்கு எதிர்ப்பு இருந்தது.
யாரும் என்னைக் கேட்கவில்லை.
கேட்கிறவர்கள் கணக்கில் சேர்த்தியில்லை.

பிறகு, எந்திரம் தானாகச் சுழற்றிய ஓர் எண்
தவுஷ் மலைப்பக்கம் போய் விழுந்தது.
வார்துஷ், ஐம்பத்தெட்டு, பள்ளிப் படிப்பு.
வீட்டில் எத்தனை பேர் என்றேன்.
எண்ணிச் சொல்கிறேன் என்றாள்.
நேரமெடுத்தாள்.
"ஒன்று."

பின்னால் கோழிகள். சுத்தியல்.
"அளக்க வந்திருக்கிறார்கள், சிவப்புக் கம்பு நடுகிறார்கள்.
சமையலறைக்கும் கோழிக்கூண்டுக்கும் நடுவில் போகிறதாம் கோடு.
வீடு இங்கே, கூண்டு அங்கே.
அக்ரூட் மரத்துக்கு வேர் இங்கே,
மத்தியானத்துக்கு மேல் நிழல் அங்கே."

கேள்வி புரிந்ததா என்றேன், தட்டையாக.
மறுபடி வாசிக்கச் சொன்னாள்.
வாசித்தேன். இந்தத் தடவை குரல் இறங்கிவிட்டது;
ஸ்ம்பாத் திரும்பிப் பார்த்தான்.

"முழுமையாக ஆதரிக்கிறேன். எழுது."

எழுதவில்லை. விதியை மீறிச் சொன்னேன்,
அம்மா, அது உங்கள் ஊர்.

"என் ஊர் எனக்குத் தெரியும்.
பெரியவன் அந்தக் குன்றிலேயே இருக்கிறான், கல்லுக்கு அடியில்.
சின்னவன் குன்றுக்குப் பின்னால் பதுங்குகுழியில்,
கால்விரலைப் பனி தின்னக் கிடக்கிறான்.
குன்றைக் கொடுத்தால் இவனை வீட்டுக்கு அனுப்புவார்களாம்.
அவனை யார் அனுப்புவார்கள் என்று கேட்காதே,
உன் தாளில் அது இருக்காது."

முழுமையாகத்தானா, ஓரளவா?
என் வேலை, கேட்டுத்தான் ஆகவேண்டும்.
"ஓரளவு என்றால் ஓரளவு பிள்ளையை அனுப்புவார்களா?"

கட்டத்தில் குறியிட்டேன்.
முந்நூறு திராம்.

வெள்ளி இரவு தொலைக்காட்சியில்
ஐம்பத்திரண்டு சதவீதம்.
பச்சைத் தூண் ஒன்று திரையில் வளர்ந்து நின்றது.
மக்கள் எங்களோடு என்றார் ஒரு துணை அமைச்சர்.
பொய்க் கணக்கு என்றார் எதிரில் இருந்தவர்.
பொய்யில்லை. நான் கேட்டேன், அவள் சொன்னாள்.
அந்தப் பச்சையில் எங்கோ ஒரு மயிரிழை
வார்துஷ்.

போனை வைக்குமுன் இன்னொன்றும் கேட்டாள்.
பதிய இடமில்லாமல்
மேசையின் ஓரத்தில் பென்சிலால் எழுதிவைத்தேன்:
கோழிகளை இன்றே இந்தப் பக்கம் ஓட்டிவிடலாமா,
உத்தரவு வரும்வரை காத்திருக்க வேண்டுமா,
யாரிடமாவது விசாரித்துச் சொல்கிறாயா?

ஸ்ம்பாத்திடம் விசாரித்தேன்.
அது நம் வேலையில்லை என்றான்.